கிலோ குறைந்தால் முதலில் இரத்தத்தைப் பாருங்கள்

(பதுளையில் நடந்த மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்த கூலியில் படித்து, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என் வேலை மற்றவர்களின் இரத்தத்தைப் பார்ப்பது. பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் ஹப்புத்தளையிலிருந்தும் வந்த எத்தனையோ பெண்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். முகம் தெரியாது, சீட்டில் உள்ள பெயர் மட்டும்தான் தெரியும். ஆனாலும் எந்தக் கையால் மலை ஏற முடியாமல் போகிறது, எந்தக் காலுக்கு மூச்சு வாங்குகிறது என்பதைக் கண்ணாடித் துண்டு சொல்லிவிடும்.

நல்ல இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரே அளவாக, நிறைந்த சிவப்பாக இருக்கும். இரத்தச்சோகை வந்தவரின் அணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறிப்போய், வெறும் வளையம் போலத் தெரியும். சில அணுக்கள் பென்சில் போல நீண்டிருக்கும். அந்த அணுவை நிரப்ப வேண்டியது ஹீமோகுளோபின். அதைச் செய்ய உடம்புக்கு இரும்பு வேண்டும். முதலில் உடம்பில் சேர்த்து வைத்த இரும்பு தீரும், அதன் பிறகுதான் ஹீமோகுளோபின் குறையும். அதனால் ரிப்போர்ட்டில் எண் குறையும்போது கையிருப்பு ஏற்கெனவே காலியாகியிருக்கும்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 8க்குக் கீழே போனால் அது கடுமையானது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப் போகும் ஆராய்ச்சி நம்மைப் பற்றியது.

1970களில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த பிரையன் செனவிரத்னவும் கலிபோர்னியாவிலிருந்து வந்த எட்ஜர்டன், கார்ட்னர் போன்ற ஆய்வாளர்களும் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 1977இல் வெளிவந்த ஆய்வில் 75 பெண்கள். அவர்களின் ஹீமோகுளோபின் 6.1இலிருந்து 15.9 வரை இருந்தது. ஓடும் பட்டையில் நடக்கவிட்டுப் பார்த்தபோது, இரத்தம் நிறைந்தவர்கள் மிகக் குறைந்தவர்களைவிடச் சராசரியாக 8 நிமிடம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். வெறும் நடைதான். முதுகில் கூடை இல்லை, காலில் அட்டை இல்லை, மழையில் வழுக்கும் மண்ணும் இல்லை.

இரண்டாவது ஆய்வு 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்தது. இதைத்தான் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு பகுதிப் பெண்களுக்கு இரும்புச்சத்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பார்வைக்கு மருந்து போலிருக்கும், மருந்தில்லாத ஒன்றைக் கொடுத்தார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் ஒரு நாளில் எடுத்த கொழுந்தை நிறுத்தார்கள். இரும்பு கிடைத்தவர்களின் கொழுந்து கூடியது. ஹீமோகுளோபின் 6க்கும் 9க்கும் இடையில் இருந்தவர்களுக்குத்தான் அதிகமாகக் கூடியது. 3 வாரத்துக்குப் பிறகு பார்த்தால், வேலை நேரத்தில் மட்டுமல்லாமல் அன்றாட நடமாட்டத்திலும் அவர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள்.

கட்டுரையின் முடிவில் ஆய்வாளர்கள், இதனால் உற்பத்தி பெருகும், நாட்டுக்குப் பொருளாதார இலாபம் என்று எழுதினார்கள். எழுதியது தவறில்லை. ஆனால் நாம் அதை வேறு பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். சொன்ன கிலோ எடுக்க முடியாத பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லி அரைப் பேர் போடுகிறார்களே, அவளுக்கு இரத்தம் இருந்ததா என்று யார் கேட்டார்கள்? கிலோ குறைந்ததற்குக் காரணம் நோயாக இருக்கலாம் என்பது நாற்பது வருஷத்துக்கு மேலாக அச்சில் இருக்கிறது. இரத்தம் இல்லாதவளுக்கு அரைப் பேர் போட்டால், அவள் வீட்டுக் கருவாடும் பருப்பும் பாதியாகும், இரத்தம் இன்னும் குறையும்.

இரும்பு எங்கே போகிறது? மாதவிடாயிலும் பிள்ளைப்பேற்றிலும் போவது எல்லாப் பெண்களுக்கும் உள்ளது. நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொக்கிப்புழு. ஈர மண்ணில் இருக்கும் அதன் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், நுரையீரல் வழியாகக் குடலுக்கு வந்து, குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது ஒரு சொட்டைவிடக் குறைவு. நூற்றுக்கணக்கில் சேர்ந்து வருஷக்கணக்கில் குடித்தால் என்னவாகும்? 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் இதற்கு எதிராக வேலை தொடங்கி, மலத்தைப் பரிசோதித்து மருந்து கொடுத்தது. மருந்து குடித்தவர்கள் மறுபடியும் அதே மண்ணில் மிதித்து மறுபடியும் புழு வாங்கினார்கள், ஏனென்றால் லயத்துக்குப் போதிய கக்கூஸ் இல்லை. மருந்தைவிடக் கக்கூஸ் கட்டுவதுதான் கடினமாக இருந்தது. இன்றைக்கும் எந்தெந்த லயத்தில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்று கமிட்டிகள் எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது காரணம் நாம் விளைவிப்பதுதான்! தேத்தண்ணியில் உள்ள தனின், சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்கு விடாது. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயமுமாகக் காலைச் சாப்பாட்டை முடிக்கிறவர்கள் கொஞ்சம் மாற்றுங்கள். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், கொய்யாவோ நெல்லியோ கிடைத்தால் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான்: தேத்தண்ணியோடு வேண்டாம், கிளினிக்கில் தரும் கல்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடவேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது மாத்திரையின் நிறம்தான். உடம்பு தேறியதும் நிறுத்திவிடாதீர்கள், கையிருப்பு நிரம்ப இன்னும் சில மாதங்கள் போட வேண்டும்.

பச்சை அரிசி, மண், சாம்பல் தின்ன ஆசை வருகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். அது பெரும்பாலும் இரும்புக் குறைவின் அடையாளம். நகம் கரண்டி போலக் குழிவதும் அப்படித்தான்.

ஒழுங்காக மாத்திரை போட்டும் எண் ஏறாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். தலசீமியாவைப் பெற்றோரிடமிருந்து வாங்கியவர்களின் அணுக்களும் இதேபோலச் சிறியவை. அவர்களுக்கு இரும்பு கொடுத்து எண் ஏறாது. பதுளை ஆஸ்பத்திரியில் தலசீமியாவுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இதை வேறு பரிசோதனையில்தான் கண்டுபிடிக்கலாம். அதனால் டொக்டரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

கமிட்டிகளுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். கிலோ குறைவாக எடுப்பவருக்கு எச்சரிக்கையோ அரைப் பேரோ வருவதற்கு முன், இரத்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பரிசோதனை முடிந்ததும் 'பரவாயில்லை' என்ற சொல்லோடு திரும்பி வராமல் எண்ணைக் கேட்டு, கார்டில் எழுதி வாங்குங்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவந்தவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்கிறேன். லுணுகலைக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் வரட்டும்.