யந்திரக் கையும் மனிதர் கையும்

(செங்கோட்டையில் கூடிய சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பொதிகை விரைவு வண்டியில் ஏறிச் சென்னை செல்லும் நம்மவர் இருக்கையையும் சன்னலையும் நோக்குவரேயன்றிப் பெட்டியின் கீழுள்ள உருக்குச் சட்டத்தை நோக்குவதில்லை. பெட்டியின் பாரத்தைச் சுமப்பது அச்சட்டமே. அதனைப் பற்றவைத்த இடத்தில் பிளவு தோன்றின், பலர் உயிர்க்குக் கேடு நேரும்.

பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நேரு அவர்கள் தொடங்கிவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை, உருக்குத் தகடுகளைப் பற்றவைத்துப் பெட்டியை ஒரே உடலாக்கும் முறையைக் கைக்கொண்டது. கைவல்லோர் செய்துவந்த அவ்வேலையில் ஒரு பகுதியை இக்காலத்து யந்திரக் கைகள் செய்கின்றன. இதனைக் கேட்டு, "இனி எம் மக்களை அத்தொழிலில் விடுதல் தகுமோ?" எனப் பெற்றோர் சிலர் எம்மை வினவுகின்றனர். அதற்கு விடை கூறவே யாம் எழுந்தோம்.

யந்திரத்தை வாங்கி வைத்த அளவில் வேலை நடவாது. காங்கிரீட் தளத்தில் அஃது அசையாதவாறு பூட்டப்படல் வேண்டும். ஆள் உட்புகின் தானே நின்றுவிடும் வேலி வேண்டும். தகடுகளை ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் இறுகப் பிடிக்கும் சட்டம் வேண்டும். காற்றுப் பட்டால் உருகிய உலோகத்தில் நுண்துளைகள் விழுமாதலின், அதனைக் காக்கும் வாயுவின் அளவும், கம்பி வரும் வேகமும், மின்னோட்டமும் ஒத்திருத்தல் வேண்டும். பின்னர் மாதிரித் துண்டைப் பற்றவைத்து, குறுக்கே அறுத்து, உருக்கு உள்ளே எவ்வளவு ஊன்றியது என ஆராய்தல் வேண்டும்.

இவற்றை அறிபவன் யாவன்? தீயோடு பழகிய கைவல்லானே. தகடுகளின் இடைவெளி சற்று மிகின் அவன் கண்டு கையைத் திருத்துவான். யந்திரமோ கற்பித்த வழியே செல்லும். உணர்கருவி பூட்டினும் ஓரளவே திருத்திக்கொள்ளும். பிழைபடக் கற்பித்தால், நூறு சட்டங்களிலும் அப்பிழையைப் பிசகாமற் செய்யும்!

எனினும், கைப்பழக்கம் ஒன்றையே நம்பியிருப்போர்க்கு வேலை குறையும் என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆதலின் நம் இளைஞர் பற்றவைப்போடு கணிதமும், வரைபடம் படித்தலும், உலோக இயலும் கற்றல் வேண்டும். திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975-இல் தோன்றியது. இத்தொழில் ஆராய்ச்சிக்குரிய கல்வி என்பதற்கு அதுவே சான்று.

நம் சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு பகுதியைத் தொழிற்பயிற்சி பயிலும் ஆண்மக்கட்கும் பெண்மக்கட்கும் ஒதுக்குமாறு வேண்டி அமர்கின்றோம்.