ஊசிக்கு ஒரு மணி
(விருத்தாசலம் கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



அகல் விளக்கும் பொம்மையும் செய்து பழகிய கைகள் நம்முடையவை. ஆறு மாசமா நாங்க மணி உருட்டுகிறோம். விற்பனைக்கு இல்லை. எங்கள் குழுவில் ஒரு சகோதரியின் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். எட்டு வயசு. ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வான்.

அங்கிருந்த நர்ஸ் அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஜீன் பரூக் என்ற செவிலியர் 2004-இல் 'பீட்ஸ் ஆஃப் கரேஜ்', அதாவது தைரிய மணிகள் என்ற திட்டத்தைத் தொடங்கினாராம். ஊசி குத்தினால் கறுப்பு மணி, கீமோ ஏற்றினால் வெள்ளை, ரத்தம் ஏற்றினால் சிவப்பு, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கினால் மஞ்சள். பிள்ளைகள் கயிற்றில் கோத்துக்கொள்வார்கள். தொண்டர்கள் கையால் செய்து தரும் மணிகளும் அதில் சேரும்.

நம்ம ஊரில் இல்லாத மண்ணா, சூளையா என்று ஆரம்பித்தோம். முதல் சூளையில் பாதி வீணாப் போச்சு. மண் வெந்தால் சுருங்கும், ஓட்டையும் சுருங்கும். கிளேஸ் வேறு உள்ளே அடைத்துக்கொண்டது. இப்போ ஓட்டையைப் பெரிசா விடுகிறோம். கீமோ எடுக்கும் பிள்ளைக்குக் கிருமி சீக்கிரம் தொற்றும். வெறும் மண் ஈரத்தை இழுக்கும், கழுவினாலும் சுத்தமாகாது. அதனால் முழுக்க கிளேஸ், அதுவும் ஈயம் கலக்காதது. மூணு வயசுக்குள்ள குழந்தை கையில் தரவே கூடாது, விழுங்கிடும்.

"சும்மாதானே தர்றோம், கீறல் விழுந்ததைக் கொடுத்தா என்ன?" என்று ஒருவர் கேட்டார். அந்தத் தாய்தான் பதில் சொன்னார்: "அவன் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்து எண்ணி வைக்கிறான் அக்கா."

போன வாரம் வரை 63 மணி. கறுப்புதான் அதிகம்.

சனிக்கிழமை வருகிறவர்கள் துடைக்கப் பழைய வேட்டித் துணி கொண்டுவாங்க.