கஷ்ட காலத்தில் பிறந்த நூலகம்



கையில் காசு குறைஞ்சா முதலில் அரிசி, மா. புத்தகம் பிறகுதான் என்கிறோம். அது நியாயந்தான். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சையே தள்ளிப்போனது. அப்பிடியான காலத்தில் தனி வீடு என்ன செய்யும்?

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1930களின் தொடக்கத்தில் உலகமெங்கும் பொருளாதார மந்தம். தேயிலை விலை விழுந்தது. தோட்டங்களில் நம் முன்னோரின் சம்பளம் வெட்டப்பட்டது. அதே நாட்களில்தான், 1933இல், கே. எம். செல்லப்பா என்பவர் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருஷம் பலர் கைகோத்து, வாடகை அறையொன்றில் 844 புத்தகங்களோடு வாசிகசாலை திறந்தார்கள். அது யாழ்ப்பாணப் பொது நூலகமாய் வளர்ந்தது. 1981இல் அதை எரித்தபோது ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. திரும்பவும் கட்டினார்கள், இன்றும் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

ஒரு வீட்டால் ஏலாதது ஊர் சேர்ந்தால் ஏலும். நாமும் பிள்ளைக் காம்பராவில் ஒரு அலமாரி வைப்போம். சாதாரண தரச் சோதனை எழுதி முடிச்ச பிள்ளையின் வினாத்தாள் புத்தகம் லயத்து மூலையில் கறையான் தின்ன வேண்டாம். பக்கத்துக் காம்பராத் தங்கச்சி கைக்குப் போகட்டும். எடுத்தவர் பேரைக் கொப்பியில் எழுதி, திருப்பி வைத்தால் போதும். வீட்டுக்கு ஒரு புத்தகம் கொண்டுவாருங்கள்.