செக்ரோலில் விடுபடும் பேர்

பிள்ளைத்தாய்ச்சியின் வேலை போனது என்றால், யாரோ பணிநீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறோம். இலங்கையின் ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கடிதத்துக்குத் தேவையே இல்லை. காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், செக்ரோல் என்ற பதிவேட்டில் பேர் போடாமல் விட்டால் போதும். மலையகத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். நிறுவை குறைந்தால் அரைப்பேர். ஏழு மாத வயிற்றோடு நிரையில் நிற்பவளைப் பாருங்கள். செடியின் மட்டமும் வயிறும் ஒரே உயரம். கூடைக்கயிறு தலையை இழுக்க, முன்னால் குனியவும் முடியாமல், நடுச்செடிக் கொழுந்துக்குக் கை எட்டாது. அந்த எட்டாத கொழுந்துதான் மாலையில் தராசில் குறைகிறது. சில நாள் அரைப்பேர் விழுந்தபின் அவளே வராமல் நின்றுவிடுகிறாள். பிறகு, அவளாக நின்றுகொண்டாள் என்றே கணக்கு முடிகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பெண்ணையும் சேர்த்தே காக்கிறது. கர்ப்பத்தைக் காரணமாக்கி வேலைநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாள் மட்டுமே இருந்த விடுப்பு, 2018 திருத்தத்துக்குப் பின் எந்தப் பிள்ளைக்கும் 84 நாள். ஆனால் தற்செயல் வேலை செய்பவளை இதே சட்டம் தன் வரைவிலக்கணத்திலேயே வெளியே நிறுத்துகிறது. மலையகத்துப் பாகுபாடு இந்த வாசலில்தான் நடக்கிறது என்பதே என் வாதம். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. நிரந்தரப் பதிவுக்குப் பதிலாகக் கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பதும், செடிகளைப் பகிர்ந்துகொடுத்துக் கிலோவுக்குப் பணம் தருவதும் இன்று பெருகிவருகின்றன. லயம் என்ற தோட்டக் குடியிருப்பில் பிறந்து, அதே மலையில் ஆண்டு முழுவதும் கொழுந்தெடுப்பவள் எப்படித் தற்செயல் தொழிலாளி ஆவாள்? செக்ரோலில் பேர் இல்லை என்ற ஒன்றைத் தவிர வேறு காரணம் கிடையாது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது என்று ஆறுதல் கொள்வோருண்டு. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகவே நிற்கும். தனியார் கம்பனியின் வாசலை அது தொடாது.

செலவைத் தோட்டங்கள் தாங்காது என்பது முதல் மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. நம் சட்டம் முழுச் சுமையையும் அந்தந்த முதலாளியின் தலையில் வைக்கிறது. அதனால் இளம்பெண்ணைப் பதிவில் எடுக்கவே தயங்குகிறார்கள். இலங்கை 1993இல் ஏற்ற சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 103ஆம் சமவாயம் இதைத்தான் கூடாது என்கிறது: பேறுகாலக் கொடுப்பனவுக்குத் தனி முதலாளி பொறுப்பாகக் கூடாது, காப்புறுதியோ பொது நிதியோ தர வேண்டும். ஏற்று முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த நிதி உருவாகவில்லை. அரசின் இந்தத் தவறுக்கு விலை கொடுப்பவள் கொழுந்துக்காரி. செலவு தாங்காது என்பதற்கு இன்னொரு பதிலும் உண்டு: 1984 வரை இதே தோட்டங்களில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் இருந்தது. அதைச் சமமாக்கியபின் தேயிலை அழிந்துவிடவில்லை. இரண்டாவது மறுப்பு, கைக்காசைப் பெண்களே விரும்புகிறார்கள் என்பது. அன்றாடம் கையில் காசு வருவதை விரும்பலாம், தவறில்லை. அதற்காகப் பேறுகால உரிமையைக் கைவிட வேண்டும் என்று யார் விதித்தது? 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்செயல் தொழிலாளியையும் உள்ளடக்கியது. பதிவேடு ஒரு தடையில்லை என்பதை இந்த நாடே அன்று ஒப்புக்கொண்டுவிட்டது. டில்லி மாநகராட்சியின் அன்றாடக்கூலிப் பெண்கள் தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் 2000இல் இதையே சொன்னது: நிரந்தரமில்லை என்பதற்காகப் பேறுகாலப் பயனை மறுக்க முடியாது. வரைவிலக்கணத்திலுள்ள அந்த விலக்கை நீக்குவதற்கு ஒரு திருத்தம் போதும்.

சட்டம் திருந்தும்வரை ஒரு வேலை நம் கையில் இருக்கிறது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதமே அவகாசம். ஏழாம் மாதத்தில் பேர் நின்றவளுக்கு அந்த ஆறு மாதம் பேற்றிலும் பால்குடிப் பிள்ளையிலும் கரைந்துவிடும். ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர்மாரையும், தொழிற்சங்கப் பிரதிநிதிகளையும், மலையக ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: பேர் விடுபட்ட கர்ப்பிணி ஒருத்தியைப் பற்றித் தெரிந்தால், விடுபட்ட தேதியை அன்றைக்கே எழுதிவையுங்கள், அவளுடைய சம்பளத் துண்டுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், அவளுக்காக நீங்கள் தொழில் காரியாலயத்துக்குப் போங்கள்.