ஆசிரியர் சங்கமும் அடித்தட்டுக் குழந்தையும்



அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை கொண்ட ஆனைக்குட்டம், இருவேறு வரலாறுகளுக்கு அண்டை ஊர். ஒருபுறம் விருதுநகர். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட நேர்ந்தும், முதலமைச்சராகி 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய காமராசர் பிறந்த ஊர். மறுபுறம் சிவகாசி. தீப்பெட்டித் தொழிலில் வாடிய சிறுவர்க்காக உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்புரைக்க நேர்ந்த ஊர். சட்டத்திற்கு மாறாக அமர்த்தப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், குழந்தைக்குக் கல்வி கிட்ட வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

அக்குழந்தை வந்தடையும் இடம் எது? பெரும்பாலும் ஊராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி. வசதியுள்ளோர் மெட்ரிகுலேஷன் பள்ளிகளை நாடிச் சென்றபின், அப்பள்ளிகள் குரலற்றோரின் பள்ளிகளாயின. அங்கே குழந்தையின் பக்கம் நின்று பேசத்தக்க படித்த ஒருவர் ஆசிரியர். திரண்டு பேசத்தக்க அமைப்பு ஆசிரியர் சங்கம். இதுவே சங்கத்தின் பெருமை, பொறுப்பும் இதுவே.

2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று உச்சநீதிமன்றம் கூறிற்று. பெரும்பாலோர் பின்னர் மீண்டும் பணியேற்றனர். அத்தண்டனை கொடிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சட்டம் மறுத்த வலிமையை ஊரார் தரலாம். தம் பிள்ளைக்காகவும் சங்கம் பேசுகிறது என்று ஊரார் உணர்ந்தால் தருவர்.

2019 அக்டோபரில் அமெரிக்காவின் சிகாகோ நகரப் பொதுப்பள்ளி ஆசிரியர்கள் 11 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியத்தோடு, பள்ளிதோறும் ஒரு செவிலியரும் ஒரு சமூகப் பணியாளரும் வேண்டும், வகுப்பறை நெரிசல் குறைய வேண்டும் என்றும் கேட்டனர். அவை உடன்படிக்கையிலும் இடம்பெற்றன. தமிழகத்திலும் 2019 ஜனவரிப் போராட்டத்தின் கோரிக்கைகளுள், பள்ளிகளை இணைத்து மூடும் திட்டத்தைக் கைவிடுக என்பதும் ஒன்று. ஆனால் ஓய்வூதியக் கோரிக்கையின் ஒலியில் அது அமுங்கிப்போயிற்று. கடைசியில் நின்ற அக்கோரிக்கை முதலில் நிற்பதே முறை.

சமத்துவம் ஆசிரியர் அறையிலும் வேண்டும். ஓவியம், உடற்கல்வி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேரப் பணியிடங்கள் உருவானபோது, மாத ஊதியம் 5,000 ரூபாய். அவர்தம் நிலையையும் தன் நிலையாகக் கொள்ளும் சங்கமே, சமத்துவம் கற்பிக்கும் தகுதி பெறும்.

கவிஞர்களுக்கும் இதிற் கடமையுண்டு. திருத்தங்கலையும் உட்கொண்டு சிவகாசி 2021இல் மாநகராட்சியாயிற்று. நகரம் வளர்ந்தது, அதன் பள்ளியும் உடன் வளர்கிறதா என்று கேட்போர் வேண்டும். மண்டபங்களில் நிகழும் கவியரங்கம், ஆண்டுக்கொரு முறையேனும் அரசுப் பள்ளி வகுப்பறையில் நிகழட்டும். அங்கே முதல் வரிசை அக்குழந்தைகளுக்கு உரியதாகட்டும்.