கணக்குக் காட்டாதானும் அவன் சுற்றமும்

(நம் சங்கத்தின் தாம்பரம் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேர்தல் நெருங்குந்தோறும் நம்மவருள் எழும் வினா, "நம் குலத்தார் எத்துணைப் பேர் நிற்கின்றனர்?" என்பதே. 2021-ஆம் ஆண்டில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி, 70 வட்டங்கொண்ட தாம்பரம் மாநகராட்சி அமைந்த பின்னர் அவ்வினா இன்னும் உரத்து ஒலிக்கின்றது. நிற்பவர் தகுதி யாதென்று கேட்பாரோ அரியர். ஆதலின், அத்தகுதியைக் கல்லில் வெட்டிவைத்த ஓரூரைப்பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

செங்கற்பட்டு வழியாக ஓரிரு மணி நேரத்தில் அடையத்தக்க உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள. 919-இல் வாரியத்திற்கு விதி செய்தோர் 921-இல் அதனைத் திருத்தினர். இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குட்பட்ட அகவை, முன் மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்யாமை ஆகியன வேண்டப்பட்டன. மறையறிவும் வேண்டப்பட்டது. அஃது அந்தணர் சபை. நம் முன்னோர்க்கு அக்குடத்தில் ஓலை இல்லை. இதனை மறைத்துப் பழம்பெருமை பேசுதல் எனக்கு உடன்பாடன்று.

ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, தக்கார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட, எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்பான். விரலிடுக்கில் வேறோலை மறைத்தற்கு இடமில்லை!

வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதான் பெயர் ஓலையில் ஏறாது. அவ்வளவில் நின்றதோ? அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள் யாவரும் விலக்கப்பட்டனர். ஒருவன் பிழைக்குச் சுற்றத்தை ஒறுத்தல் முறையோ என்பீர்கள். எனக்கும் அது கடுமையாகவே தோன்றுகின்றது. ஆயினும், மறைத்த கணக்கை மறைந்தபடியே வைத்திருக்க அடுத்த ஆண்டு மைத்துனன் வந்தமர்வான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இந்நாட் சட்டம் 21 வயதும் வாக்காளர் பட்டியலிற் பெயரும் வேண்டுகின்றது. மன்றத்தோடு ஒப்பந்தங்கொண்டாரை விலக்குகின்றது. கணக்குக் காட்டாதான் மைத்துனனை விலக்குவதில்லை. ஆனால் யார் யாருக்கு மைத்துனர் என்பதை நம் சங்கத்தினும் நன்கறிந்தார் யாவர்?

ஆகவே, ஆதரவு வேண்டி நம்மிடம் யார் வரினும், அவரும் அவர் சுற்றத்தாரும் முன்னர் வகித்த பொறுப்புகளின் கணக்கை முதலில் மேசைமேல் வைக்கட்டும். இதனை நம் கட்டட நிதிக் குழுவிலிருந்தே தொடங்குமாறு வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொணர எண்ணியுள்ளேன். வழிமொழிய விரும்புவோர் கூட்டம் கலையுமுன் என்னிடம் பெயர் தருக.