முனையின் விழிப்பும் உறக்கமும்



சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ‘ஆட்டோ ஸ்டார்ட்டர்’ புதிதல்ல. மின்சாரம் திரும்பியதும் கிணற்று மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். அதனால்தான் ஃபியூஸைக் கழற்றாமல் மோட்டாரில் கை வைக்கக்கூடாது என்கிறோம். மின்சாரம் வரும்போதும் போகும்போதும் கருவி எந்த நிலையில் நிற்க வேண்டும்? வன்பொருளுக்கு நிரல் எழுதும் மாணவரும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் மாணவர்கள் கையாளும் ஆர்டுயினோ உனோ பலகையில் 14 டிஜிட்டல் முனைகள் உள்ளன. ஒரு முனை சமிக்ஞையைப் பெறுவதா, அனுப்புவதா என்பதை நிரல்தான் சொல்கிறது. கட்டளை வரும்வரை அது உள்ளீடாகவே இருக்கும்.

கடையில் கிடைக்கும் ரிலே பலகைகள் பல, முனை ‘லோ’ ஆனால் இயங்குபவை. நிரலில் முதலில் ‘பின்மோடு’ கட்டளையால் முனையை வெளியீடாக்கினால், அது ‘லோ’விலேயே தொடங்கும், ரிலே ஒரு கணம் ‘டக்’ என்று இயங்கிவிடும். முதலில் ‘டிஜிட்டல்ரைட்’ கட்டளையால் ‘ஹை’ என்று எழுதி, பிறகு வெளியீடாக்கினால் அந்தக் கோளாறு இல்லை. இரண்டு வரிகளின் வரிசைதான் வேறுபாடு.

உறக்கத்திலும் கவனம் தேவை. பேட்டரியைச் சேமிக்கச் சில்லை உறங்க வைத்தாலும், வெளியீட்டு முனை கடைசி நிலையிலேயே நிற்கும். ஓடும் மோட்டாரை நிறுத்தாமல் சில்லு உறங்கினால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

பெரிய கணினிகளிலும் இதே ஒழுங்குதான். 2012 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 3.2 பதிப்பில் ‘பின்கன்ட்ரோல்’ என்ற பகுதி சேர்க்கப்பட்டது. அதில் முனைகளின் நிலைகளுக்கு ‘டிஃபால்ட்’, ‘ஸ்லீப்’ போன்ற பெயர்கள் உண்டு. உறங்கும்போது டிரைவர் நிரல் முதலில் கருவியின் வேலையை நிறுத்தும். பிறகு முனைகளை ‘ஸ்லீப்’ நிலைக்கு மாற்றும். விழிக்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் முனைகள், பிறகு வேலை.

எந்த நிலை பாதுகாப்பானது என்பது சில்லுக்குத் தெரியாது. கிணற்று மோட்டாருக்கு நிற்பதே பாதுகாப்பு. கோடையில் கோழிப்பண்ணை மின்விசிறி நின்றால் கோழிகள் வெப்பத்தில் மடியும். இதைப் பண்ணை வீட்டுப் பிள்ளை பாடநூல் இல்லாமலே சொல்லிவிடும்.

ஆகவே, நிரல் எழுதும் முன் ஒவ்வொரு முனைக்கும் மூன்று கட்டங்களை மாணவர் நிரப்பட்டும்: மின்சாரம் வந்ததும், வேலையின்போது, உறக்கத்தின்போது. வகுப்பில் வீட்டு மின்சாரம் வேண்டாம், எல்.இ.டி. விளக்கே போதும்.